பம்பாய் போர்டின் பற்கள்

அத்தியாயம் 9

போன வாரம் மெட்டில்டாவை மழையில் பஸ்ஸுக்கு நிற்க வைத்துவிட்டுப் பக்கத்தை முடித்துவிட்டோம். கோபித்துக்கொண்ட வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. பஸ் வந்தது. அவள் நனையவில்லை, காய்ச்சலிலும் படுக்கவில்லை. படுத்திருந்தால் இன்றைக்கு ஆபீஸ் போகாமல் தப்பித்திருக்கலாமே என்று சாயங்காலத்துக்குள் அவளே நினைக்கத்தான் போகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை. பெரிய கோவிலில் முதல் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மெட்டில்டா முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தபோது அடுக்களையில் அம்புரோஸ் காபி போட்டுக்கொண்டிருந்தான். அவன் அடுப்புப் பக்கம் வருவதே அதிசயம்.

“எக்கா, ஒனக்கும் போட்டிருக்கேன். சீனி பத்துமான்னு பாரு.”

பத்தவில்லை. ஆனாலும் அவள் முழுவதையும் குடித்தாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இன்னொருவர் கையால் அவள் காபி குடித்தது அபூர்வம். மூத்தவன் செபாஸ்டின் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவன் எழுதினால்தான் தெரியும். அவன் எழுதுவதில்லை. மிச்சம் இருப்பது அக்காவும் தம்பியும். அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சு நின்றுபோய் வெகுநாளாகிவிட்டது.

“இன்னைக்குத்தான மெட்ராசுக்குப் பேசுதீய?” என்றான் அம்புரோஸ், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

“ஆமா. சாயங்காலம்.”

“நீ நல்லதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

“போர்டு நல்லா இருந்தா நல்லதாச் சொல்லுவேன்.”

“நல்லாத்தான இருக்கு? திங்கக்கிழமை திங்கக்கிழமை நீயே சோதிச்சுப் பாக்க. ஒரு தப்பு வந்துதா?”

“வரலை.”

“பின்ன என்ன?”

பின்ன என்ன என்றுதான் அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். போர்டு விலைபோய் இவன் பம்பாய்க் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டாகிவிட்டால் தரையில் ஒரு வேலை என்று ஆகிவிடும். அம்புரோஸ் விரும்பும் பெரியதாழை இசபெல்லாவின் அப்பா இரண்டு மகன்களைக் கடலுக்குக் கொடுத்தவர். கப்பல்காரனுக்கும் வள்ளத்துக்காரனுக்கும் பெண் கிடையாது, தரையில் சம்பாதிக்கிறவன் வந்து கேட்கட்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். கேட்டு முடிந்தால் இசபெல்லா இந்த வீட்டுக்கு வருவாள். அடுக்களையில் இன்னொரு குரல் கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைக்கலாம்.

இதையெல்லாம் தம்பிக்காக மட்டும் அவள் விரும்பவில்லை. அது அவளுக்கே தெரிந்திருந்தது.

*

அந்த போர்டு என்னவென்று புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடலாம்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கூலியாட்கள் வேலைக்கு வந்ததும் வராததும், அவர்களுக்குச் சேரவேண்டிய சம்பளமும் அதில்தான் போடப்படுகின்றன. அதைப் பார்த்துக்கொள்கிறவள் மெட்டில்டா. வேலை பெருகப் பெருக மெஷினுக்கு மெமரி போதவில்லை. மெமரி என்றால் பெரிய விஷயமில்லை. ஒரு எண்ணைச் சொல்லி வைத்தால், திரும்பக் கேட்கும்போது அதே எண்ணைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். மாற்றிச் சொன்னால் அது மெமரி இல்லை, வெறும் வாய்.

கூடுதல் மெமரிக்கு இரண்டு வழி இருந்தன. மெஷின் செய்த அமெரிக்கக் கம்பெனியின் போர்டையே வாங்கலாம். அதற்கு இறக்குமதி லைசென்ஸ் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், விலையும் யானை விலை. இல்லாவிட்டால் பம்பாயில் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு கம்பெனியின் போர்டு. அமெரிக்க போர்டு ஒன்றின் விலையில் இதில் மூன்று வாங்கலாம். மேனேஜர் செல்லப்பாண்டிக்கு இந்தக் கணக்கைக் கேட்டதிலிருந்து தூக்கத்தில்கூடப் பம்பாய் நினைப்புத்தான். மழைக்காலம் தொடங்கியபோது அம்புரோஸ் கொண்டுவந்த ஒரு பம்பாய் போர்டை மெஷினில் மாட்டிச் சோதனைக்கு விட்டார்கள். இன்றோடு சோதனை முடிகிறது. நாலு மணிக்கு மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு டிரங்கால். எதை வாங்குவது என்று மெட்டில்டா சொல்லவேண்டும்.

அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஊரில் ஐஸ் ரூம் என்று பெயர். ஏ.சி. போட்ட அறை. வெளியே கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கூலியாட்களின் வருகையை அட்டையில் ஓட்டைகளாகக் குத்தும் பஞ்ச் ஆபரேட்டர் பெண்கள் கார்டு அடித்தபடி மல்லிகைப்பூ விலையிலிருந்து மாமியார் கதைவரை பேசுவார்கள். சத்தம் உள்ளே வராது. அவர்கள் சிரிப்பதை மட்டும் பார்க்கலாம். சால்வையைப் போர்த்திக்கொண்டு வருஷம் ஒன்றாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் மெட்டில்டா. எதற்குச் சிரித்தார்கள் என்று போய்க் கேட்க அவளுக்குக் கூச்சம். அவர்களுக்கும் அவளைக் கூப்பிடக் கூச்சம்.

அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தியான ஜெயசெல்வி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“அக்கா, இன்னையோட நின்னுக்கிடச் சொல்லிட்டாவ.”

“யாரு?”

“மேனேஜர் சாருதான். சரக்கு ஏத்துத சுடலைமாடன் அண்ணாச்சிக்கு இந்த வாரமும் ஆப்சென்ட் விழுந்திருக்கு. அவரு ஒரு நாள் தவறாம வந்திருக்காரு. நான்தான் கார்டைத் தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லுதாவ. நான் ஒழுங்காத்தான் அடிச்சேன் அக்கா. எங்க வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்.”

மெட்டில்டா கார்டுக் கட்டை வாங்கி சுடலைமாடனின் கார்டை உருவினாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டைகளைப் படித்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கார்டில் வந்தவன், மெஷின் அடித்துத் தந்த காகிதத்தில் வராதவன் ஆகியிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெமரி.

“நீ போய் வேலையைப் பாரு. நான் பாக்கேன்.”

போன தடவை தப்பு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முன்பு வியாழன். திங்கள், செவ்வாய்களில் ஒரு நாளும் வந்ததில்லை. மெமரியைச் சோதிக்க அரை நாள் மெஷினை நிறுத்தவேண்டும் என்பதால் திங்கட்கிழமைகளில் மட்டுமே சோதித்துவந்தாள். இன்று மேனேஜரைக் கேட்காமலேயே மெஷினை நிறுத்திச் சோதனையைப் போட்டாள்.

பம்பாய் போர்டு, தன்னிடம் சொல்லி வைத்த எண்ணைத் திரும்பச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் இல்லை, பல இடங்களில்.

கரண்டை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினாள். போர்டின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல வரிசையாக உலோகப் பட்டைகள் உண்டு. அந்தப் பற்கள்தான் மெஷினுக்குள் கடித்துக்கொண்டு உட்காரும். அமெரிக்க போர்டில் அவற்றுக்குத் தங்க முலாம். மெஷின் வந்த நாளில் எப்படி மின்னியதோ இன்றும் அப்படியே. பம்பாய் போர்டில் வெள்ளீயப் பூச்சு. அது மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஏ.சி.யை அணைத்தால் திங்கட்கிழமைவரை இந்த அறையும் தூத்துக்குடிதான். உப்புக்காற்று எந்தக் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது?

ஆனால் பூத்த பல் திங்கட்கிழமை மட்டும் எப்படிச் சரியாகிறது?

போர்டை முகத்தருகே கொண்டுவந்தாள். வாசனை வந்தது. கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய். அம்மா சளிக்கு நெஞ்சில் தடவ வைத்திருந்தது. அதே எண்ணெயைத்தான் துரு ஏறாமல் இருக்கக் கதவுத் தாழ்ப்பாளுக்கும் பூட்டுக்கும் போடுவாள். இப்போதும் அந்தப் பாட்டில் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. போர்டு மாட்டும் இடுக்கில் விரலை விட்டாள். அழிரப்பர் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அரை நாள் முடிந்து அவள் வீட்டுக்குப் போன பிறகு, பம்பாய்க் கம்பெனி ஆள் என்று சொல்லி இந்த அறைக்குள் வரக்கூடியவன் ஒருவன்தான் உண்டு. வாட்ச்மேன் அவனைத் தடுத்திருக்கமாட்டான். அக்கா வேலை பார்க்கும் அறைதானே.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் எண்ணெய் வாசனை விரலிலிருந்து போகவில்லை. அழுகை வந்தது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

*

அம்புரோஸ் மூன்றரைக்கே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவனை ஆபீசின் பின்பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

“சனிக்கிழமை சனிக்கிழமை இங்கன வந்து என்னலே செஞ்ச?”

அவன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டான்.

“துடைச்சேன். அதுல என்ன தப்பு? உப்புக்காத்து அடிக்கிற ஊருல எதைத்தான் துடைக்காம இருக்கோம்? ரப்பர் வச்சுத் தேச்சா பல்லு பளிச்சுனு ஆயிருது.”

“எண்ணெ?”

“சைக்கிள் செயினுக்குப் போடல? தாழ்ப்பாளுக்குப் போடல? கொஞ்சமாத்தான் தடவினேன். சுத்தமான எண்ணெ எக்கா, நம்ம வீட்டு எண்ணெ.”

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். கம்ப்யூட்டருக்குத் தாழ்ப்பாள் எண்ணெய் போட்டவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். எண்ணெயில் தூசியும் உப்பும் ஒட்டி, வாரக் கடைசிக்குள் பழையதைவிட மோசமாகிறது என்று சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

“அப்ப எண்ணெயை விட்டிருதேன். ரப்பர் மட்டும் போடுதேன்.”

“எங்கிட்ட ஏன்லே சொல்லலை?”

“சொன்னா நீ அன்னைக்கே கழிச்சிருப்ப.”

அது உண்மை.

“வாரம் ஒரு தடவை துடைச்சா ஓடுதுல்லா? நான்தான ஏஜெண்டு? ஆயுசு பூரா சனிக்கிழமை வந்து துடைச்சிட்டுப் போறேன். ஆளு வைக்கிறது எதுக்கு?” அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

“நடுவுல தப்பு வருதே. சுடலைமாடனுக்கு வராதவன்னு போட்டுருது. அதுக்கு ஜெயசெல்வி வேலை போவுது.”

அம்புரோஸ் தரையைப் பார்த்தான்.

“அவளுக்கு வேற வேலை கிடைக்கும்” என்றான்.

ரப்பர் போட்டதும் எண்ணெய் தடவியதும் அவளுக்கு வலிக்கவில்லை. இந்த வார்த்தை வலித்தது. இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

“எக்கா.” அவன் குரல் இறங்கிவிட்டது. “நீ வேண்டாம்னு சொன்னா எனக்கு இங்கன ஒண்ணுமில்ல. இசபெல்லாவும் இல்ல. சாயங்கால ரயிலுல ஏறி பம்பாய் போயி, செபாஸ்டின் அண்ணன் மாதிரி கப்பல்ல சேந்துருவேன். அப்புறம் அந்த வீட்டுல நீ மட்டும் இருந்துக்கோ.”

பயமுறுத்தத்தான் சொன்னான். அவளும் பயந்துவிட்டாள்.

*

டிரங்கால் வந்தபோது ஆபீசே காதைத் தீட்டிக்கொண்டது. மெட்ராஸ் லைன் என்றால் கத்திப் பேசினால்தான் கேட்கும். மேனேஜர் அறைக் கதவு மூடியிருந்தாலும் பஞ்ச் பெண்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்புரோஸ் வரை எல்லோருக்கும் விழும்.

செல்லப்பாண்டி ரிசீவரைக் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிட்டார். “சோதனை முடிஞ்சிட்டு சார். திங்கக்கிழமை ஒண்ணுலயும் தப்பு இல்ல. மூணு போர்டும் பம்பாயிலயே வாங்கிரலாம். இதோ மெட்டில்டாவே சொல்லுதாங்க.”

மெட்டில்டா ரிசீவரை வாங்கினாள். ஹெட் ஆபீஸ் பெரியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“சொல்லும்மா. எதை வாங்கலாம்?”

“பம்பாய் போர்டு இப்ப இருக்கபடி வேண்டாம் சார்.”

செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்?”

“உள்ள இருக்க மெமரி சிப்பு நல்ல சிப்புதான் சார், அமெரிக்கா போர்டுக்குக் குறைஞ்சது இல்ல. பல்லுலதான் மிச்சம் பிடிச்சிருக்காங்க. வெள்ளீயம் பூசியிருக்கு. எங்க ஊர் உப்புக்காத்துக்கு அது ஒரு வாரம் தாங்காது. பல்லுக்குத் தங்க முலாம் போட்டுக் கொடுத்தா விலை கொஞ்சம் கூடும். அப்பவும் அமெரிக்கா போர்டை விடக் கம்மிதான். அப்படிக் கேட்டு வாங்கலாம். அதுவரைக்கும் ஒரு அமெரிக்கா போர்டுக்கு மட்டும் லைசென்ஸ் போடுங்க.”

“திங்கட்கிழமை எல்லாம் சரியா இருந்ததுன்னு மேனேஜர் சொல்றாரே? வெள்ளிக்கிழமை தப்பு வந்தா அது கார்டு அடிக்கிற பொண்ணோட தப்புதானே?”

போர்டு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உள்ளே வந்தாள். தம்பி பெயர் வராமல் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். முடியாது போலிருக்கிறது. திங்கட்கிழமை ஏன் சரியாக இருந்தது என்று சொல்லாவிட்டால் ஜெயசெல்வி இன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டும்.

“கார்டு சரியா இருக்கு சார். நான் பாத்துட்டேன். சனிக்கிழமை தோறும் போர்டைக் கழத்தி பல்லைத் தேச்சு மாட்டியிருக்காங்க. அதனாலதான் திங்கக்கிழமை தப்பு வரல.”

“யாரு?”

அவள் சொன்னாள்.

“கேக்கலைம்மா. லைன் சரியில்லை. சத்தமாச் சொல்லு.”

“என் தம்பி, சார்.”

“யாரு தம்பி?”

“என் தம்பி. கூடப் பிறந்தவன். பேரு அம்புரோஸ்.”

கட்டிடம் முழுவதும் கேட்டிருக்கும். வெளியே கார்டு அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. மெட்ராசில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு பெரியவர், அவள் சொன்னபடியே தங்க முலாம் கேட்டுப் பம்பாய்க்கு எழுதுவதாகவும், அந்தப் பெண்ணை வேலையில் வைத்துக்கொள்ளும்படியும், அந்த ஏஜெண்டு மட்டும் இனிமேல் வாசற்படி மிதிக்கக்கூடாது என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் அவளை ஏறிட்டுப் பார்க்காமல், “போங்கம்மா” என்றார்.

வெளியே பெஞ்ச் காலியாக இருந்தது.

ஜெயசெல்வியைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். யாரோ அவள் கையைப் பிடித்திருந்தார்கள். மெட்டில்டாவைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். ஜெயசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கூடப்பிறந்தவனையே சொல்லிவிட்டவளிடம் என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். மெட்டில்டா கடைசியாகக் கிளம்பினாள்.

*

வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில் இருந்தது. அம்புரோசின் கொடியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. தகரப்பெட்டி இல்லை. அப்பாவின் கடிகாரத்தை எடுத்துப் போகாமல் மேஜைமேல் வைத்திருந்தான். ஸ்டேஷனுக்கு ஓடலாமா என்று நினைத்தாள். அதற்குள் ரயில் கிளம்பும் விசில் கேட்டது. அந்த ஊரில் ரயில் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

விளக்கைப் போட்டுவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சரியாகச் செய்துவிட்டால் மனசு லேசாகும் என்பார்களே, அது யாருக்கு ஆகிறதோ.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள்.

இசபெல்லா நின்றுகொண்டிருந்தாள். தலையில் மழைத்தூறல், கையில் ஒரு துணிப்பை. பெரியதாழையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதையும் மீறி ஒரு சந்தோஷமும் இருந்தது.

“மைனி” என்றாள். கட்டிக்கொள்ளப் போகிறவனின் அக்காவை அப்படி முறை சொல்லி அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. “வீட்டுல சொல்லாம வந்துட்டேன். அப்பா வேற இடத்துல பேசி முடிச்சுட்டாவ. இனி அங்கன போமாட்டேன். அவுக உள்ள இருக்காவளா?”

ஒரு பொய் சொல்லலாம். வேலையாகப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போடலாம். ஒரு ராத்திரியாவது இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கலாம்.

“அவன் சாயங்கால ரயில்ல போயிட்டான். பம்பாய் போயி கப்பல்ல சேரப் போறான்” என்றாள் மெட்டில்டா. “நான் சொன்ன ஒரு வார்த்தையிலதான் போனான். இசபெல்லா, உள்ள வந்து உக்காரு. எல்லாத்தையும் சொல்லுதேன்.”

இசபெல்லா உள்ளே வரவில்லை. கழற்றிய செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டாள். பையைக் கீழே வைக்கவில்லை. மைனி என்ற சொல் அதற்குள் போய்விட்டிருந்தது.

“கடைசி பஸ் எப்பம் அக்கா?”

“அது போயிட்டு” என்றாள் மெட்டில்டா.